முழங்குபாறையும் சரளைமேட்டு ஆட்காட்டியும்

வட்டக்குளத்துக் காட்டில் விலங்குகளுக்குச் சேதி சொல்வது ஆட்காட்டிப் பறவைகளின் வேலை.

அவை மரத்தில் உட்காராத பறவைகள். தரையில் நிற்கும், தரையில் ஓடும், தரையிலேயே முட்டையிடும். அதனால் தரையில் நடப்பது எதுவும் அவற்றின் கண்ணுக்குத் தப்பாது. சிறுத்தை எந்தப் புதரில் படுத்திருக்கிறது, எந்த ஓடையில் வெள்ளம் வருகிறது, தீ எந்தப் பக்கம் நகர்கிறது என்று பறந்து போய்ப் பார்த்துவிட்டு வந்து உரக்கக் கூவும்.

அந்த வேலைக்கு ஒரு வழக்கம் இருந்தது. ஒரு பறவை பார்த்தால் போதாது. இன்னொன்று வேறு பக்கத்திலிருந்து போய்ப் பார்க்க வேண்டும். இரண்டும் பார்த்தது ஒத்துப்போனால்தான் சேதி வெளியே போகும். ஒத்துப்போகாவிட்டால் வாயைத் திறக்கக் கூடாது. இதனால் சேதி சற்றுத் தாமதமாகும். காட்டில் யாரும் அதைக் குறையாகச் சொன்னதில்லை.

இதற்குக் கூலி எதுவும் கிடையாது. குளத்தின் கிழக்குக் கரையில் இருந்த சரளைமேட்டை மட்டும் விலங்குகள் ஆட்காட்டிகளுக்கு விட்டுக்கொடுத்திருந்தன. அங்கே கூழாங்கற்களுக்கு நடுவே, கல்லோடு கல்லாக முட்டைகள் கிடக்கும். எந்தக் குளம்பும் அங்கே படக் கூடாது. யானைகள்கூட மேட்டை விட்டு ஒதுங்கி, மேற்குக் கரையில்தான் இறங்கித் தண்ணீர் குடித்தன.

இப்படி நடந்துகொண்டிருந்த காலத்தில் சாத்தப்பன் என்ற நரி ஒரு பாறையைக் கண்டுபிடித்தது.

மேற்குச் சரிவில் கிண்ணம் போலக் குடைந்த பாறை அது. வெயிலுக்காக அதற்குள் ஒதுங்கிய நரி ஒரு தும்மல் போட்டது. அந்தத் தும்மல் மலை முழுவதும் கேட்டது. காட்டின் மறுகோடியில் மேய்ந்த மான்கள் தலையைத் தூக்கிப் பார்த்தன. நரி உட்கார்ந்து யோசித்தது. பிறகு வெளியே வந்து, கண்ணில் பட்டவர்களையெல்லாம் கூப்பிட்டது. உள்ளே வந்து யார் எதைச் சொன்னாலும் காடே கேட்கும், யாரிடமும் அனுமதி வாங்க வேண்டாம், இன்னொருவர் போய்ப் பார்த்து வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம் என்று சொன்னது.

விலங்குகளுக்கு ஒரே குதூகலம். அதுவரை கேட்க மட்டுமே செய்தவர்கள் முதல்முறையாகப் பேசினார்கள். முயல் தன் வளைக்குப் பக்கத்தில் பாம்பு வந்ததைச் சொன்னது. அதனால் வேறு முயல்கள் தப்பித்தன. மந்தி தொலைந்துபோன தன் குட்டியைக் கூவிக் கண்டுபிடித்தது. நல்லதும் நடக்கத்தான் செய்தது. அதை மறைத்துச் சொல்வது நியாயமில்லை.

ஆனால் நல்ல சேதிக்குக் கூட்டம் சேராது. நரி இதைச் சீக்கிரமே கவனித்துவிட்டது. பயமுறுத்தும் சேதிக்கும் கோபமூட்டும் சேதிக்கும்தான் எல்லாரும் ஓடி வந்தார்கள். எல்லாரும் ஓடி வந்தால் நெரிசல். நெரிசலில் எலியோ காடையோ ஏதாவது ஒன்று மிதிபடும். மிதிபட்டது நரிக்கு இரை. சாத்தப்பனுக்கு யார் மேலும் பகை கிடையாது. எந்தச் சேதி உண்மை, எது பொய் என்பதிலும் அதற்கு அக்கறை கிடையாது. கூட்டம் கூட வேண்டும், அவ்வளவுதான். அந்த ஆண்டு நரியின் உடம்பு பளபளவென்று ஆனது.

முழங்குபாறை வந்த பிறகு ஆட்காட்டிகளின் கூவலை யாரும் காது கொடுத்துக் கேட்கவில்லை. காலையில் ஆட்காட்டி சொல்லப்போகும் சேதியைப் பாறை முந்தின நாளே நாலு விதமாகச் சொல்லி முடித்திருந்தது. கேட்காத குரலுக்கு எதற்கு மேட்டை விட்டுவைக்க வேண்டும்? முதலில் காட்டெருமைகள் சரளைமேட்டில் குறுக்கே நடந்தன. அடுத்து பன்றிகள் வந்தன. முட்டைகள் நொறுங்கின. குடும்பம் குடும்பமாக ஆட்காட்டிகள் காட்டை விட்டுப் போயின. சில பறவைகள் நரியிடமே வேலைக்குச் சேர்ந்தன. நாள் முழுக்க எதையாவது கூவிக்கொண்டே இருக்க வேண்டும், போய்ப் பார்க்க நேரம் கிடையாது என்பது அங்கே ஏற்பாடு.

பனிக்காலத்தில் வடக்கிலிருந்து வரும் வரித்தலை வாத்துகள் வேறு காடுகளின் கதையைச் சொல்லின. எல்லா இடத்திலும் இப்படித்தானாம். ஒரு காட்டில் சேதி சொல்லும் பறவைகளை வாய் திறக்கக் கூடாது என்று புலி மிரட்டி வைத்திருக்கிறதாம். இன்னொன்றில், கரடி செய்ததைக் கரடியின் பெயரோடு கூவிய பறவையை மறுநாள் முதல் காணோமாம். இதைச் சொல்லிவிட்டு வாத்துகள் குளத்தின் நடுவுக்கு நீந்திப் போயின.

வட்டக்குளத்தில் கடைசியாக மிஞ்சியது ஒரே ஒரு ஜோடி. பெண் பறவையின் பெயர் சிவந்தி. ஆண் பறவையின் பெயர் நெட்டையன். யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும் இரண்டும் தினமும் இரண்டு பக்கமாகப் போய்ப் பார்த்து, ஒத்துப்போனதை மட்டும் கூவிக்கொண்டிருந்தன. சரளைமேட்டிலேயே நடமாட்டம் இல்லாத ஓர் ஓரமாகப் பார்த்து, குளத்து நீருக்கு அருகே சிவந்தி நான்கு முட்டைகள் இட்டிருந்தது. இரண்டு ஆண்டுகளாக அதன் முட்டை ஒன்றுகூடப் பொரிந்ததில்லை. இந்த முறை எப்படியும் குஞ்சு பார்த்துவிட வேண்டும் என்று நெட்டையன் இரையைக்கூட மறந்து காவல் நின்றது.

அந்தக் கோடை கொடுமையாக இருந்தது. குளம் நாளுக்கு நாள் சுருங்கியது.

ஒரு நாள் குளத்தில் ஒரு மீன் செத்து மிதந்தது. தவளை அதைப் பார்த்தது. பாறைக்குப் போய், மீன் ஒன்று செத்துக் கிடக்கிறது என்று சொன்னது. அதுவரை சரி. அடுத்து உள்ளே போன மைனா, குளத்து மீன்களெல்லாம் சாகின்றன என்றது. மந்தி, தண்ணீரில் எதுவோ கலந்திருக்கிறது என்றது. மயில் உள்ளே போய் ஒரே வார்த்தைதான் சொன்னது.

"விஷம்!"

அதற்குப் பிறகு யார் கலந்தது என்ற கேள்வி வந்தது. முள்ளம்பன்றி என்று ஒரு குரல் சொன்னது. முள்ளம்பன்றியை யாருக்கும் பிடிக்காது என்பதால் எல்லாரும் அதை நம்பினார்கள். பாவம், அது வளைக்குள் போய் வாசலை மண்ணால் அடைத்துக்கொண்டது.

விலங்குகள் குளத்துப் பக்கமே வரவில்லை. நாக்கு வறண்டது. பொட்டல்வெளியைத் தாண்டி ஆற்றுக்குப் போய்விடலாம் என்று பாறையில் முடிவாயிற்று. அந்தப் பொட்டலில் ஒரு மரம் கிடையாது, ஒரு பொட்டு நிழல் கிடையாது. பெரியவர்கள் எப்படியாவது போய்ச் சேருவார்கள். குட்டிகள் பாதி வழியில் விழும். இது எல்லாருக்கும் தெரிந்துதான் இருந்தது. யானைக்கூட்டத்தின் தலைவி அங்கம்மாவுக்கு அப்போதுதான் கன்று பிறந்திருந்தது. கன்றுக்கு இன்னும் கால் திடப்படவில்லை. அது இரண்டு எட்டு வைத்தால் உட்கார்ந்தது.

சிவந்தி குளத்துக்குப் போய்ப் பார்த்தது. அதற்குள் இன்னும் சில மீன்கள் செத்திருந்தன. எல்லாம் பெரிய மீன்கள். சின்ன மீன்கள் துள்ளிக்கொண்டிருந்தன. தலைப்பிரட்டைகள் கூட்டமாக நெளிந்தன. தண்ணீர் மேலே சுட்டது, அடியில் குளிர்ந்தது. தண்ணீர் குறைந்து சூடேறியதால் பெரிய மீன்கள் மூச்சுத் திணறிச் செத்திருக்கின்றன என்று அதற்குப் புரிந்தது. புரிந்தது போதாது என்று நினைத்தது. தண்ணீரைக் குடித்துவிட்டு, வெயில் சாயும்வரை அங்கேயே நின்றது. அதற்கு ஒன்றும் ஆகவில்லை.

திரும்பி வந்து நெட்டையனிடம் சொன்னது.

"தண்ணி நல்ல தண்ணிதாங்க. நீங்க மேற்குக் கரைப் பக்கம் போய்ப் பாத்துட்டு வாங்க. கூவிடலாம்."

நெட்டையன் நகரவில்லை. முட்டைகளைப் பார்த்தது, சிவந்தியைப் பார்த்தது.

"மேற்குக் கரை வத்திப்போச்சு. அங்க சேறு இருந்தா எந்தப் பக்கமா இறங்குவாங்கன்னு யோசிச்சியா?"

சிவந்தி யோசித்துத்தான் இருந்தது. தண்ணீர் இப்போது கிழக்குக் கரையை ஒட்டித்தான் கிடந்தது. மேற்குப் பக்கம் சேறு என்றால் மிஞ்சியிருப்பது சரளைமேடு மட்டும். தாகத்தோடு வரும் கூட்டம் கல்லைப் பார்த்தா நடக்கும்? முட்டையைப் பார்த்தா நடக்கும்?

நெட்டையனுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. நம் மேட்டை மிதித்தார்களே, அப்போது நம்மைப் பற்றி யார் நினைத்தார்கள் என்று கேட்டது. நாம் பொய் சொல்ல வேண்டாம், சும்மா இருந்தால் போதும், அவர்கள் ஆற்றுக்குப் போய்விடுவார்கள், குஞ்சுகள் நிம்மதியாகப் பொரியும் என்றது. அதுவும் முடியாதென்றால் இன்னொரு வழி சொன்னது.

"நான் இறக்கை ஒடிஞ்ச மாதிரி நொண்டி நொண்டி முன்னால ஓடறேன். கீரி வந்தா அப்படித்தானே கூட்டை விட்டு திசை திருப்புறோம்? கூட்டத்தை அப்படியே வேற பக்கம் இழுத்துட்டுப் போயிடறேன்."

"முட்டையைத் தின்ன வர்றவங்ககிட்ட நடிக்கலாம்ங்க. நம்ம குரலை நம்பி வர்றவங்ககிட்ட எப்படி நடிக்கிறது?"

"யாரு நம்பறா? எவன் நம்மளை நம்பறான்?"

"நம்பாம இருக்கறது அவங்க இஷ்டம். நம்பும்படியா இருக்கறது நம்ம வேலை."

நெட்டையன் போய்ப் பார்க்காவிட்டால் சிவந்தியால் கூவ முடியாது. ஒற்றைப் பறவை பார்த்தது சேதி ஆகாது. அந்த வழக்கத்தைச் சிவந்தி மீறாது என்பதும் அதற்குத் தெரியும். காட்டிலுள்ள அத்தனை குட்டிகளின் உயிரும், தன் முட்டைகளின் உயிரும் தன் இரண்டு இறக்கைகளில் இருப்பதை நெட்டையன் உணர்ந்தது. சட்டென்று எழும்பிப் பறந்து போனது.

வெகுநேரம் கழித்துத் திரும்பியது. வந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னது.

"தண்ணி நல்ல தண்ணிதான். நானும் குடிச்சேன். மேற்குக் கரை முழுக்கச் சேறு. ஒரு கடமான் குட்டி இறங்கி வயிறு வரைக்கும் புதைஞ்சு, எப்படியோ ஏறிப் போன தடம் கிடக்கு. யானை இறங்கினா ஏறாது."

வேறு மாதிரிச் சொல்லியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. சிவந்தி அதன் கழுத்தை அலகால் ஒருமுறை கோதிவிட்டு, பாறையை நோக்கிப் பறந்தது.

முழங்குபாறைக்கு முன்னால் காடே கூடியிருந்தது. புறப்படுகிற நேரம். சிவந்தி பாறைக்குள் போகவில்லை. வெளியே ஒரு கறையான் புற்றின் மேல் நின்று, இருக்கிற குரலையெல்லாம் திரட்டிக் கூவியது. குளத்தில் விஷம் இல்லை, இரண்டு பேரும் குடித்துப் பார்த்தோம், செத்தவை வெப்பத்தால் செத்த மீன்கள், முள்ளம்பன்றிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றது.

பின்வரிசையில் நின்றவர்களுக்குக் கேட்கவில்லை. சாத்தப்பன் சிரித்துக்கொண்டே வந்தது.

"ஏன் தங்கச்சி தொண்டையைக் கிழிச்சுக்கறே? உள்ள வந்து சொல்லேன். நம்ம பாறைதானே."

"அதுக்குள்ள சொன்னா சொன்னது மட்டும்தாண்ணே வெளிய போகும். யாரு சொன்னதுன்னு போகாது. நாளைக்குத் தப்புன்னு தெரிஞ்சா என் கழுத்தைப் பிடிக்கணும்ல? அதுக்கு நான் கண்ணுக்குத் தெரியணும்."

கூட்டத்தில் சிலர் திரும்பிப் பார்த்தார்கள். நரி விடவில்லை. போன மழைக்காலத்தில் சிறுத்தை மூங்கில் புதரில் இருக்கிறது என்று இந்தப் பறவை கூவியதையும், மறுநாள் அதே இடத்தில் நின்று, நேற்றுச் சொன்னது தப்பு, அது சிறுத்தை இல்லை, காட்டுப்பூனை என்று கூவியதையும் எல்லாருக்கும் நினைவூட்டியது. தன் வாயாலேயே தப்பை ஒத்துக்கொண்டவளை நம்பி குட்டிகளைக் குளத்துக்குக் கூட்டிப்போகப் போகிறீர்களா என்று கேட்டது. எங்கள் பாறை ஒருநாளாவது தப்பு என்று சொன்னதுண்டா என்றும் கேட்டது.

மான்கள் தலையாட்டின. மந்திகள் கெக்கலித்தன.

அங்கம்மா அதுவரை கன்றின் மேல் நிழல் விழும்படி நின்றுகொண்டிருந்தது. இப்போது மெல்லத் தும்பிக்கையைத் தூக்கியது. பேச்சு அடங்கியது.

"அந்தக் காட்டுப்பூனை விஷயம் எனக்கும் ஞாபகம் இருக்கு சாத்தப்பா. அவ தப்புன்னு சொல்லலேன்னா எங்களுக்குத் தெரிஞ்சே இருக்காது. உன் பாறை இதுவரைக்கும் எத்தனை சொல்லியிருக்கு? அதுல எது தப்புன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?"

அங்கம்மா சிவந்தியிடம் திரும்பி, எந்தப் பக்கமாக இறங்க வேண்டும் என்று கேட்டது.

சிவந்தி கிழக்குக் கரைப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தது.

"மேற்குக் கரை சேறு பெரியம்மா. யாரும் அந்தப் பக்கம் போகாதீங்க. சரளைமேடு கெட்டியா இருக்கு. அது வழியா வாங்க."

தன் முட்டைகளைப் பற்றி அது ஒரு வார்த்தை சொல்லவில்லை. தன் வீட்டு விஷயத்தைச் சேதியில் கலக்கும் பழக்கம் அந்தப் பறவைகளுக்கு இல்லை. அதைச் சொன்னது நரிதான். தோற்றுப்போகிற வேகத்தில், கையில் கிடைத்ததை எடுத்து வீசுவது போல வீசியது.

"பாத்தீங்களா? சரளைமேட்டுலதான் இவ முட்டை வெச்சிருக்கா. நானே பாத்தேன். எல்லாரையும் தன் கூட்டுக்குக் கூப்பிடறா. இதுல இவளுக்கு என்னவோ லாபம் இருக்கு!"

கூடு கட்டாத, குட்டி போடாத பெண் யாரும் அங்கே இல்லை. தன் முட்டையின் மேல் ஒரு மந்தையையே நடக்கக் கூப்பிடுவதில் எந்தத் தாய்க்கு என்ன லாபம் என்று ஒவ்வொருத்தியும் கணக்குப் போட்டுப் பார்த்தாள். விடை ஒன்றுதான். தண்ணீர் நல்ல தண்ணீர்.

அங்கம்மா கன்றைத் தும்பிக்கையால் அணைத்துக்கொண்டு குளத்தை நோக்கி நடந்தது. காடே பின்னால் நடந்தது. பாறைக்கு முன்னால் நரி மட்டும் நின்றது. அன்றைக்கு அங்கே ஒரு காடைகூட மிதிபடவில்லை.

சிவந்தி முன்னால் பறந்து போய் முட்டைகளின் மேல் இறக்கையை விரித்து நின்றது. நெட்டையன் பக்கத்தில் நின்றது. தண்ணீர் வாசனை பட்டதும் பன்றிகள் யாருக்கும் காத்திராமல் முந்திக்கொண்டு ஓடி வந்தன. ஒரு குளம்பு சிவந்தியின் இறக்கையை உரசிக்கொண்டு போனது. ஒரு முட்டை உடைந்தது.

பின்னாலேயே காட்டெருமைக் கூட்டம் வந்தது. புழுதியில் அவற்றுக்குக் கண்ணே தெரியவில்லை. அதற்குள் அங்கம்மா எட்டி நடந்து மேட்டுக்கு வந்துவிட்டது. உடைந்த முட்டையையும், மீதி மூன்றின் மேல் நடுங்கிக்கொண்டு நின்ற பறவையையும் பார்த்தது. ஒவ்வொரு காலாக, கல்லைத் தடவித் தடவி வைத்து, கூடு தன் வயிற்றுக்குக் கீழே வரும்படி நின்றுகொண்டது. நான்கு கால்களும் நான்கு தூண்கள். கன்றை மட்டும் தும்பிக்கையால் தண்ணீர்ப் பக்கம் தள்ளிவிட்டது.

காட்டெருமைகள் யானையைச் சுற்றிக்கொண்டு போயின. மான்கள் போயின. மந்திகள் போயின. தவளை போனது. கடைசியில் முள்ளம்பன்றியும் வந்து ஓரமாக நின்று குடித்தது. மயில் தள்ளி நின்று அதற்கு இடம் விட்டது.

தாகத்தில் அங்கம்மாவின் காதுகள் தொங்கின. கன்று வயிறு முட்டக் குடித்துவிட்டு வந்து தாயின் காலில் சாய்ந்தது. நீங்களும் போய்க் குடியுங்கள் பெரியம்மா என்று சிவந்தி கீழேயிருந்து இரண்டுமுறை சொன்னது. எல்லாரும் கரையேறட்டும் என்றது அங்கம்மா. எல்லாரும் கரையேறினார்கள். அதற்குப் பிறகுதான் அந்த யானை தண்ணீரில் வாய் வைத்தது.

மூன்று முட்டைகளும் பொரிந்தன. குஞ்சுகள் பிறந்த அன்றே கூழாங்கற்களுக்கு நடுவே குடுகுடுவென்று ஓடின. நெட்டையன் அவற்றின் பின்னால் ஓடி ஓடி இளைத்துப்போனது. அப்படி இளைத்ததில் அதற்குக் கொள்ளைப் பெருமை.

முழங்குபாறை இன்னும் இருக்கிறது. விலங்குகள் இன்னும் அங்கே போகின்றன, பேசுகின்றன. ஆனால் பாறையில் எதையாவது கேட்டால், ஆட்காட்டி போய்ப் பார்த்ததா என்று ஒருவர் கேட்காமல் இருப்பதில்லை. விட்டுப்போன பறவைகளில் சில திரும்பி வந்தன. நரியிடம் வேலை பார்த்தவற்றில் இரண்டு, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்து நின்றன. சிவந்தி ஒன்றும் கேட்கவில்லை. ஒன்றை வடக்கேயும் ஒன்றைத் தெற்கேயும் அனுப்பி, ஓடையில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்துவரச் சொன்னது.

மழை வந்து குளம் நிறைந்தது. விலங்குகள் பழையபடி மேற்குக் கரைக்குப் போயின. போகும் வழியில் சரளைமேட்டுக்கு அருகே வந்ததும், யாரும் சொல்லாமலே, அந்த நீண்ட வரிசை ஒதுங்கி வளைந்து நடந்தது.

தனக்கு நட்டம் வரும் என்று தெரிந்தும் பார்த்த உண்மையை மாற்றாமல் சொல்பவரின் குரலே நம்பத் தக்கது. அந்தக் குரல் நிற்பதற்கு இடம் விட்டுவைப்பது, அதைக் கேட்டுப் பிழைப்பவர்களின் கடமை.